பழைய மோட்டார் சைக்கிளில் ஒயில் ஒழுகினால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு சீமெந்துத் தரை இருக்கிறது. அதிலுள்ள கறுப்பு வட்டங்கள் எல்லாம் பழைய மோட்டார் சைக்கிள்கள் விட்டுப்போனவை. சிடி 100, சிடி 125 பென்லி, எம்டி 90, ஜிஎன் 125 என்று இருபது, முப்பது வயது வண்டிகளைச் சொந்தக்காரரும் அயலவரும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வரும்போதே, "கேஸ்கட் போயிட்டுது தம்பி, மாத்தித் தா" என்பார்கள். கையில் ஒரு பையில் புதுக் கேஸ்கட் செட்டும் (எஞ்சின் மூட்டுகளில் ஒயில் கசியாமல் அடைக்கும் மெல்லிய தாள்கள்) இருக்கும். பாதி வண்டிகளில் அந்தப் பையைப் பிரிக்கவே வேண்டி வராது.

ஒயில் கசிகிற இடம் ஒன்று, கண்ணில் படுகிற இடம் வேறொன்று. வண்டி ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும்; நின்றதும் அது கீழே இறங்கும். மேலே டெப்பெட் மூடியில் (வால்வு இடைவெளி பார்க்கத் திறக்கும் மூடி) தொடங்கிய கசிவு, கடைசியில் எஞ்சினின் வலது பக்கத்துக் கிளட்ச் கவரின் அடியில் ஒரு சொட்டாகத் தொங்கும். அந்தச் சொட்டை நம்பிக் கவரைக் கழற்றினால் ஒரு நாள் போய்விடும், நல்ல கேஸ்கட் ஒன்றும் கிழிந்துவிடும், ஒழுக்கும் அப்படியே இருக்கும்.

கீழே உள்ளதெல்லாம் காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கானது. உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் அடுத்த பகுதியில் உள்ள வேலையை எல்லோரும் செய்ய வேண்டும்.

## எந்த ஒழுக்குக்கும் முதல் வேலை: கழுவி, பவுடர் தூவி, ஓடிப் பார்ப்பது

எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஒரு பழைய பல் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களின் இடுக்கு, கவர்களின் விளிம்பு, முன் ஸ்ப்ரொக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) பக்கம் எல்லாம் தேயுங்கள். பெற்றோல் வேண்டாம், தீப்பிடிக்கும். அப்புறம் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து வெயிலில் விடுங்கள். சேர்விஸ் நிலையத்தில் வேகத் தண்ணீர் அடிப்பது இந்த வேலைக்கு ஆகாது. அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாய் (எஞ்சினின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாகவும் வயர் மூட்டுகள் வழியாகவும் உள்ளே போனால் இன்னொரு பிழை சேர்ந்துவிடும்.

காய்ந்ததும் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை எஞ்சின் மேல் மெல்லியதாகத் தூவுங்கள். பக்கத்து உப்புவெளி வரை போய்த் திரும்பினால் பெரும்பாலான கசிவு தெரிந்துவிடும். சூடு ஏறினால் மட்டும் கசிகிற வண்டி என்றால் கந்தளாய் வீதியில் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். கடற்கரை மணல் ஒழுங்கைகளுக்குள் மட்டும் போகாதீர்கள். மணல் ஒட்டினால் பவுடரில் எதுவும் தெரியாது.

திரும்பி வந்ததும் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒயில் பட்ட பவுடர் தேன் நிறமாகியிருக்கும். ஈரமான இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அதுதான் பிறப்பிடம். மற்றவை அங்கிருந்து வழிந்தவை.

இதோடு இரண்டு சோதனைகள். முதலாவது ஒயில் மட்டம். பெரும்பாலான ஹொண்டா எஞ்சின்களில் அளவுக்குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். வண்டி நேராக நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உங்கள் பிழை அதுவாகவே இருக்கலாம். இரண்டாவது, கவர் போல்டுகள். 8 மி.மீ. ஸ்பெனரால் ஒவ்வொன்றையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்தது இருந்தால் இறுக்கிவிட்டு மறுபடி பவுடர் போட்டு ஓடுங்கள். இத்தோடு ஒழுக்கு நின்ற வண்டிகள் பல.

## காலையில் தரையில் ஒரு வட்டம். எஞ்சினின் பக்கங்கள் காய்ந்திருக்கின்றன

முதலில் பார்க்க வேண்டியது ஒயில் இறக்கும் போல்ட்டின் வாஷர். அது ஒரு தடவை நசுங்கி அடைப்பதற்கான அலுமினியம் அல்லது செப்பு வாஷர். ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டும். பழையதையே திரும்பப் போட்டு, ஒழுகுகிறதென்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்கித்தான் பலர் மரையைக் கெடுக்கிறார்கள். வாஷர் மிக மலிவு. எஞ்சின் உடம்பில் உள்ள அலுமினிய மரை அப்படியில்லை.

வாஷர் புதிதாகியும் சொட்டுகிறதா? போல்ட்டை இறுக்கும்போது கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். நன்றாகப் பிடித்து நிற்கிறது என்றால் வாஷர் இருக்கும் முகத்தில் கீறலோ மண்ணோ இருக்கலாம், துடைத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். மரை போய்விட்டது. டெஃப்லான் நாடா சுற்றி இறுக்குவது வழியில் போல்ட்டோடு ஒயில் முழுவதையும் கொட்டிவிடும் வேலை. வண்டியை லேத் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய்ப் புது மரைச் சுருள் பதிக்கச் சொல்லுங்கள்.

போல்ட் காய்ந்து, எஞ்சினின் அடி நடுவில் நீளவாக்கில் ஓடும் கோடு நனைந்திருந்தால், அது எஞ்சினின் இரண்டு பாதியும் சேரும் இடத்து கேஸ்கட். அதை மாற்ற எஞ்சினை இறக்கிப் பிளக்க வேண்டும். மாதத்தில் சில சொட்டுத்தான் என்றால், என் எண்ணத்தில், அதை விட்டுவிடுங்கள். வாரம் ஒரு தடவை ஒயில் மட்டம் பார்த்து ஓடுங்கள். வேறொரு பெரிய வேலைக்கு எஞ்சினைப் பிளக்கும் நாளில் அதையும் சேர்த்துச் செய்யலாம். கல் அடித்த வெடிப்பு என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது; அலுமினியம் ஒட்டுகிறவரிடம் போக வேண்டும்.

## இடது பக்கம், முன் ஸ்ப்ரொக்கெட்டைச் சுற்றிக் கறுப்பாக வழிகிறது

இங்கே முதல் கேள்வி, வழிவது எஞ்சின் ஒயில்தானா என்பது. கிண்ணியாவிலிருந்து விடியற்காலையில் மீன் கொண்டுவரும் நானா ஒருவர் இருக்கிறார். 2009 இல் பாலம் திறந்த காலத்திலிருந்து அதே வண்டிதான். ஒருநாள், "எஞ்சின் முழுக்க ஒழுகுது தம்பி" என்று வந்தார். ஸ்ப்ரொக்கெட் கவரைக் கழற்றினால் உள்ளே கறுப்புச் சேறு அப்பிக் கிடந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன்: செயினுக்கு ஊற்றிய ஒயில், மண், மீன் பெட்டியிலிருந்து இறங்கிய உப்புத் தண்ணீர். மணத்திலேயே தெரிந்தது. வழித்து எடுத்துக் கழுவியபோது அடியில் எஞ்சின் காய்ந்து கிடந்தது. அவருக்குத் தேவைப்பட்டது பெட்டிக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தட்டும் புதுச் செயினும்தான்.

சேற்றை வழித்த பிறகும் நனைகிறது என்றால், அங்கே ஒயில் சீல்கள், அதாவது சுழலும் அச்சைச் சுற்றி ஒயிலை அடைக்கும் ரப்பர் வளையங்கள், இருக்கின்றன. ஸ்ப்ரொக்கெட் ஏறியிருக்கும் அச்சைச் சுற்றி ஒன்று, கியர் மிதி அச்சைச் சுற்றி ஒன்று. கேஸ்கட் செட்டில் எல்லா சீலும் வராது; தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் மில்லிமீற்றரில் அச்சடித்திருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் எண் பார்த்து வாங்குங்கள்.

புது சீல் போட்டும் சில வாரத்தில் ஒழுகினால், அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் தேய்ந்திருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. அது கராஜ் வேலை. செயினை இழுத்துக் கட்டி ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

ஸ்ப்ரொக்கெட்டுக்கு முன்னால் உள்ள மேக்னட் (மின்சாரம் உண்டாக்கும் சக்கரம்) கவரின் அடியில் ஒயில் வந்தால், உங்கள் எஞ்சினில் அந்த அறை ஒயில் போகும் அறையா, உலர்ந்த அறையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலர்ந்த அறை என்றால் வெளிக் கவரின் கேஸ்கட்டை மாற்றிப் பலனில்லை. உள்ளே கிராங்க் அச்சின் சீலோ தட்டின் பின்னாலுள்ள ஓ-ரிங்கோ (உருண்டை ரப்பர் வளையம்) போயிருக்கும். மேக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்த்துக் கிராங்கின் நுனியைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். புல்லர் இல்லையென்றால் கராஜுக்குக் கொடுங்கள்.

## வலது பக்கம், கிக் அடிக்கும் கால் பக்கம் நனைகிறது

வலது கவரில் ஒழுக்கு என்றால் கிக்கர் அச்சின் சீலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பவுடர் போட்டால் அச்சைச் சுற்றி ஒரு வளையமாக நனையும். ரப்பர் உதடு வெயிலில் கிடந்து கிடந்து நகம் மாதிரி இறுகிவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் இதற்குக் கவரைத் திறக்க வேண்டியதில்லை. கிக்கரைக் கழற்றி, பழைய சீலின் முகத்தில் ஒரு சின்னத் திருகாணியைக் கொஞ்சம் ஏற்றி, குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அச்சில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது சீலின் உதட்டில் ஒயில் தடவி, அச்சின் பல்லுகள் உதட்டைக் கிழிக்காமல் இருக்க மெல்லிய பொலித்தீன் துண்டைச் சுற்றி, சுருள் தெரியும் பக்கம் எஞ்சினுக்குள் பார்க்கும்படி நேராகத் தள்ளுங்கள். சீலின் அகலத்துக்குப் பொருந்தும் சொக்கெட் ஒன்றை வைத்து மெதுவாகத் தட்டினால் சரிந்துபோகாது.

வளையம் காய்ந்து, கவரின் விளிம்பு நனைந்தால் கவர் கேஸ்கட். அதை வீட்டிலேயே மாற்றலாம். முறையைக் கடைசியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

விளிம்பில் ஒரே ஓரிடத்தில், ஒரே போல்ட்டுக்குக் கிட்ட மட்டும் கசிந்தால், அந்த போல்ட்டின் மரை போயிருக்கலாம். எங்கள் ஊரில் உப்புக்காற்று இரும்புத் திருகாணியையும் அலுமினிய உடம்பையும் ஒன்றோடொன்று பிடிக்கவைத்துவிடும். பிறகு யாராவது பலமாகத் திருப்ப, மரை திருகாணியோடு வெளியே வரும். கேஸ்கட் மாற்றும் முன்னால் இந்த மரையைச் சரிசெய்யாவிட்டால் புதுக் கேஸ்கட்டும் அதே இடத்தில் ஒழுகும்.

## சிலிண்டரின் செதில்கள் நனைந்து, சூட்டு ஒயில் மணம் வருகிறது

இங்கே மேலிருந்து கீழே வர வேண்டும். ஒவ்வொரு மூட்டாக, பொறுமையாக.

மேலே டெப்பெட் மூடிகளின் ஓ-ரிங்குகள். டெப்பெட் பார்க்கும்போதெல்லாம் கழற்றிப் பூட்டி, ஓ-ரிங் தட்டையாகியிருக்கும். மூடியைக் கழற்றி ஓ-ரிங்கை விரலில் உருட்டிப் பாருங்கள்: உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாக, நாடா மாதிரி இருந்தால் மாற்றுங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்தது ஹெட்டின் (சிலிண்டருக்கு மேலுள்ள எஞ்சின் தலை) பக்கத்திலுள்ள டைமிங் மூடி. அதிலும் ஓ-ரிங்கோ கடதாசிக் கேஸ்கட்டோ இருக்கும். வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் ஓடும் பொந்து இந்தப் பக்கத்தால்தான் கீழே இறங்குகிறது. அந்தப் பொந்துக்குள் ஒயில் தெறித்துக்கொண்டே இருப்பதால், ஹெட் கேஸ்கட்டிலும் அடிக் கேஸ்கட்டிலும் ஒயில் கசிவு பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் தொடங்கும்.

மேலே இரண்டும் காய்ந்து, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோடு நனைகிறதா? அது ஹெட் கேஸ்கட். சிலிண்டரும் எஞ்சின் உடம்பும் சேரும் கோடா? அடிக் கேஸ்கட். இரண்டிலும் முதலில் செய்ய வேண்டியது கழற்றுவதல்ல. ஹெட் நட்டுகளின் இறுக்கத்தைப் பார்ப்பது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, டோர்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பெனர்), அந்த மொடலுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு, எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று தடவையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். டோர்க் ரெஞ்ச் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள். கை மதிப்பில் இறுக்கி ஸ்டட் (நட் ஏறும் தலையில்லாத போல்ட்) பிடுங்கி வந்தால் செலவு பல மடங்காகும்.

ஹெட் கேஸ்கட் உண்மையில் ஊதிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஹெட் மூட்டைச் சுற்றிச் சவர்க்கார நுரையைப் பூசி, எஞ்சினைக் கிளப்புங்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சூட்டிலேயே நுரை கொதிக்கும். ஓரிடத்தில் நுரை படபடவென்று ஊதினால் சிலிண்டருக்குள்ளிருந்து எரிந்த வாயு வெளியே வருகிறது. கிக் அடிக்கும்போது கால் லேசாக இறங்குவதும், ஏற்றத்தில் இழுவை குறைவதும், "டிக் டிக்" என்ற சத்தமும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கோணேசர் கோவில் ஏற்றத்துக்கு இரண்டாம் கியரில் போன வண்டி முதலாம் கியர் கேட்கிறதென்றால் இதைப் பாருங்கள்.

இந்த நிலையில் கராஜுக்குக் கொடுப்பதுதான் சரி என்பேன், நீங்கள் முன்பு ஹெட் கழற்றிப் பழகியிருந்தால் தவிர. டைமிங் செயினைக் கழற்றி, குறியைப் பொருத்தித் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு பல் மாறினாலும் வண்டி சரியாக ஓடாது, வால்வு பிஸ்டனில் அடிபடவும் இடமுண்டு. கொடுக்கும்போது இரண்டு விடயம் கேளுங்கள். ஹெட்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் எந்தக் கேஸ்கட்டும் நிற்காது. நட்டுகளின் கீழுள்ள வாஷர்களில் செப்பு வாஷர் எந்த இடத்துக்குரியதோ அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். சில எஞ்சின்களில் ஒரு ஸ்டட்டின் வழியாகவே ஒயில் மேலே போகிறது. அந்த இடத்தில் சாதாரண வாஷர் போட்டால் அங்கிருந்தே ஒழுகும்.

## சைலன்சர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கரி, "பட் பட்" சத்தம்

ஒயில் ஒழுக்கு இல்லை, சைலன்சர் கேஸ்கட். அக்சிலேட்டரை விடும்போது வெடிச்சத்தம் கூடும். நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் நசுங்கும் வளையக் கேஸ்கட்டைப் புதிதாக மாற்றுங்கள். நட் துருப்பிடித்திருந்தால் முதல் நாளே துரு இளக்கும் ஒயில் அடித்து இரவு முழுக்க ஊற விட வேண்டும். பலவந்தம் பண்ணினால் ஸ்டட் முறியும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். பூட்டும்போது மரையில் செப்புக் கிரீஸ் தடவினால் அடுத்த தடவை சுகமாகக் கழலும்.

## புதுக் கேஸ்கட் போட்டும் ஒழுக்கு திரும்ப வருகிறது. அல்லது ஒரே நேரத்தில் பல இடத்தில் ஒழுகுகிறது

என் சொந்த சிடி 100க்கு ஒரு வருடத்தில் இரண்டு தடவை கிளட்ச் கவர் கேஸ்கட் மாற்றினேன். இரண்டு தடவையும் ஒரு மாதத்துக்குள் நனைந்தது. மூன்றாவது செட் வாங்கப் போகும் முன், எஞ்சினிலிருந்து மேலே போகும் மூச்சுக்குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். காற்று போகவில்லை. ஒரு கம்பியை விட்டுத் தள்ளியபோது காய்ந்த மண் உதிர்ந்து கையில் விழுந்தது, உள்ளே மண் குளவியின் கூடு. வண்டி வாடை மழையோடு இரண்டு மாதம் கொட்டிலில் நின்றிருந்தது. அந்தச் சின்னத் துளை குளவிக்கு நல்ல வீடு.

பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எஞ்சினுக்குள் காற்று அமுங்குகிறது. அது வெளியே போக அந்தக் குழாய்தான் வழி. அது அடைபட்டால் காற்று எந்த மூட்டு பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். குழாயைச் சுத்தம் செய்த பிறகு அதே இரண்டாவது கேஸ்கட் பல வருடம் ஓடியது.

அதனால் பல இடத்தில் ஒழுக்கு என்றால் வரிசை இப்படி: ஒயில் மட்டம் கூடியிருக்கிறதா? மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா, மடிந்து நசுங்கியிருக்கிறதா? இரண்டும் சரியென்றால், எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இலேசாகத் துடிப்பது இயல்பு. புகையோடு பலமாக ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. அப்போது கேஸ்கட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கராஜில் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.

## ஒயில் குறைகிறது, ஆனால் வெளியே எங்கும் ஈரமில்லை

சைலன்சரில் நீலப் புகை பாருங்கள். கிளப்பிய உடனே வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். அக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க வந்தால் ரிங். இரண்டும் கராஜ் வேலை.

## ஒயில் பால்தேநீர் நிறமாக இருக்கிறது

காரில் இப்படி வந்தால் ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கும் என்பார்கள். காற்றால் குளிரும் பைக்கில் ரேடியேட்டரே இல்லை. ஆகவே ஹெட் கேஸ்கட்டைக் கழற்றாதீர்கள். தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்திருக்கும்: கார்த்திகை, மார்கழி மழையில் முழங்கால் வெள்ளத்துக்குள் ஓட்டியதால், வேகத் தண்ணீர் அடித்துக் கழுவியதால், அல்லது சந்தைக்கும் வீட்டுக்கும் ஒரு கிலோமீற்றர் மட்டும் ஓடி எஞ்சின் சூடேறாமல் உள்ளே வியர்த்ததால். ஒயிலை மாற்றி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, மறுபடியும் மாற்றுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கிளப்பாமலே கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

## ஒயில் மட்டம் தானாகக் கூடுகிறது, பெற்றோல் மணக்கிறது

அளவுக்குச்சியை மூக்குக்குக் கிட்ட வைத்தால் தெரிந்துவிடும். காபரேட்டரின் மிதவை ஊசி அடைக்காமல் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. நீர்த்த ஒயில் எல்லா சீலிலும் கசியும், பெயரிங்கையும் தின்னும். அந்த ஒயிலோடு ஒரு கிலோமீற்றர்கூட ஓட வேண்டாம். டாங்கின் பெற்றோல் பைப்பை மூடி, காபரேட்டரைச் சரிசெய்து, ஒயிலை மாற்றிய பிறகு ஒழுக்கு இருக்கிறதா பாருங்கள்.

## கிளட்ச் கவர் கேஸ்கட் மாற்றும் முறை

ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். அவசர வேலைக்கு இது சரிவராது.

எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது ஒயிலை இறக்குங்கள். பழைய ஒயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்; எங்கள் ஊர் வாய்க்கால் போய்ச் சேருவது கடலில். ஒரு கானில் சேர்த்துக் கராஜுக்குக் கொடுங்கள். பிறகு கிக்கர், தேவையென்றால் கால்மிதியும் சைலன்சரும், கிளட்ச் கேபிள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள்.

ஒரு கடதாசி மட்டையில் கவரின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் துளை போடுங்கள். கழற்றும் போல்ட்டை அந்தந்தத் துளையில் செருகுங்கள். போல்டுகள் ஒரே நீளமில்லை. நீளமானதைக் குட்டையான இடத்தில் போட்டு இறுக்கினால் எஞ்சின் உடம்பு வெடிக்கும். குட்டையை நீள இடத்தில் போட்டால் இரண்டு மரையில் தொங்கி, பிறகு பிடுங்கி வரும். பழைய வண்டியில் நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தால் தலை வழுக்கும் முன்னமே இம்பாக்ட் டிரைவர் (சுத்தியலால் அடிக்கத் திருகாணியைத் திருப்பும் கருவி) வைத்துத் தட்டுங்கள்.

எல்லாம் கழன்ற பிறகும் கவர் ஒட்டியிருக்கும். மூட்டுக்குள் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பவே கூடாது. அந்த ஒரு கீறல் வாழ்நாள் முழுக்க ஒழுகும். கவரின் ஓரங்களை ரப்பர் சுத்தியலால் அல்லது மரத்துண்டு வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் விடும். இரண்டு சின்னக் குழாய்ப் பின்கள் இருக்கும், கவரை நேராகப் பொருத்துவதற்கு. அவை விழுந்து உருண்டு தொலையாமல் எடுத்து வையுங்கள்.

இனி வேலையின் பெரும்பகுதி: பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவது. சூட்டில் வெந்த கடதாசி கல்லாகப் பிடித்திருக்கும். தின்னரில் தோய்த்த துணியை அதன்மேல் போட்டுப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டை அல்லது கூராக்கிய மூங்கில் துண்டு. பிடிவாதமான இடத்துக்கு மட்டும் பிளேட்டைப் படுக்கையாக வைத்துத் தள்ளலாம். நுனியால் குத்தக் கூடாது. எஞ்சினின் திறந்த பக்கத்தில் சுத்தமான துணியை அடைத்து வைத்தால் துகள் உள்ளே விழாது. எஞ்சின் பக்கத்தில் சேண்ட் பேப்பர் தேய்க்கவே வேண்டாம். முடிவில் கண்ணை மூடி விரல் நுனியை அந்த முகத்தில் ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

திறந்த கையோடு ஒயில் சல்லடையையும் பாருங்கள். பல ஹொண்டா எஞ்சின்களில் அது இந்தப் பக்கத்தில், அடியில் ஒரு பொந்துக்குள் இழுத்து எடுக்கும்படி இருக்கும். ஒரு வண்டியில் நான் இழுத்தபோது சல்லடை முழுக்கச் சிவப்புப் புழு மாதிரிச் சிலிக்கோன் துண்டுகள். முன்பு யாரோ கேஸ்கட்டுக்கு மேலே தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதை நாம் துடைத்துவிடுவோம். உள்ளே பிதுங்கியது அறுந்து ஒயிலோடு போய்ச் சல்லடையை அடைக்கும். ஒயில் மேலே போகாமல் அந்த வண்டியின் கேம் (வால்வைத் திறக்கும் அச்சு) தேய்ந்துபோயிருந்தது. முகம் சுத்தமாக இருந்தால் கடதாசிக் கேஸ்கட்டை உலர்ந்தபடியே போடலாம். கவர் பக்கம் ஒட்டி நிற்க ஒரு துளி கிரீஸ் தடவினால் போதும். முகத்தில் ஆழமான கீறல் இருந்தால் மட்டும், அந்தக் கீறலுக்குள் மாத்திரம், நகத்தால் வழித்த அளவு சிலிக்கோன்.

கேஸ்கட்டைப் போடும் முன்னர் பழையதோடு துளைக்குத் துளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் செட்டிலும் ஒரு ஒயில் துளை இல்லாமல் வருவதுண்டு. பின்களைப் பொருத்தி, கிக்கர் அச்சின் பல்லில் சீல் கிழியாமல் கவரை நேராகத் தள்ளுங்கள். எல்லா போல்டையும் கையால் ஏற்றிவிட்டு, பிறகு எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். 6 மி.மீ. தடிப்புள்ள இந்த போல்டுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவு போதும். கார்ச் சில்லுக்கான பெரிய டோர்க் ரெஞ்ச் இந்தச் சின்ன அளவைச் சரியாகக் காட்டாது. சின்ன டோர்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டை டி-ஸ்பெனரைப் பிடித்து மணிக்கட்டால் மட்டும் திருப்புங்கள். தோள் சேரக் கூடாது.

ஒயில் இறக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர். ஊற்றும் ஒயிலின் போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற குறி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். ஒரு லீற்றர் போத்தலை அப்படியே கவிழ்க்காதீர்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு அதைவிடக் குறைவுதான். கொஞ்சம் ஊற்றி, குச்சியைப் பார்த்து, மறுபடி ஊற்றுங்கள். கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு விட்டிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஓட விட்டு நிறுத்தி, மட்டத்தை மறுபடி பாருங்கள்.

இந்த வேலையில் எங்கே நிறுத்திக் கராஜுக்குப் போக வேண்டும் என்றால்: திருகாணித் தலை வழுக்கிவிட்டால், போல்ட் முறிந்தால், மரை கழன்றால், திறந்ததும் ஒயிலில் பளபளவென்று உலோகத் துகள் தெரிந்தால். அந்த நேரத்தில் தொடர்ந்து போராடினால் சின்னக் கேஸ்கட் வேலை எஞ்சின் வேலையாகிவிடும்.

எல்லாம் சரியாகப் போயிருந்தால் மறுபடி பவுடர் தூவுங்கள். உப்புவெளி வரை ஒரு ஓட்டம், வீட்டில் ஆறும் வரை விட்டு, குளிர்ந்த எஞ்சினில் போல்டுகளை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அடுத்த சில நாள் பவுடரைக் கழுவாமலே ஓடுங்கள். கவரின் விளிம்பு ஒரு வாரத்துக்குப் பிறகும் வெள்ளையாகவே இருந்தால் வண்டியைக் கழுவலாம்.